மைதாவிலிருந்து செல்ஃப் ரெய்சிங் மாவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக், ஸ்கோன், பான்கேக் போன்றவற்றின் செய்முறையில் "செல்ஃப் ரெய்சிங் மாவு 200 கிராம்" என்று ஒரு வரி வந்துவிட்டால், கையில் மைதா மட்டுமே வைத்திருப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி எழுதாமல், அந்தக் கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் முழுவதும் தேக்கரண்டி என்பது 5 மி.லி., மேசைக்கரண்டி என்பது 15 மி.லி., கப் என்பது 240 மி.லி.; எல்லாமே தலைதட்டிய அளவுகள்.

1. செல்ஃப் ரெய்சிங் மாவு என்பது தனி வகை மாவா? மைதாவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அது தனித் தானியமும் அல்ல, தனி வகையாக அரைத்ததும் அல்ல. சாதாரண மைதாவில் பேக்கிங் பவுடரை ஆலையிலேயே சீராகக் கலந்து, சில நாடுகளில் உப்பும் சேர்த்து விற்கிறார்கள், அவ்வளவுதான். பாலோ தண்ணீரோ பட்டதும் பவுடரில் இருக்கும் சோடாவும் அமிலமும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்தக் குமிழ்கள் ஓவனின் சூட்டில் விரிந்து மாவை மேலே தூக்குகின்றன. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கும்வரை காத்திருக்கும் வேலை இதில் இல்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ரொட்டி தயாரித்து வந்த ஹென்றி ஜோன்ஸ் 1845-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடற்பயணத்தில் மாலுமிகள் காய்ந்து இறுகிய பிஸ்கட்டுகளையே தின்ன வேண்டியிருந்த காலம் அது. ஈஸ்ட் இல்லாமல் கப்பலிலேயே புதிதாக ரொட்டி சுட முடிய வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. அவர் மாவில் சேர்த்ததும் சமையல் சோடாவும் டார்டாரிக் அமிலமும்தான். எனவே வீட்டில் கலந்துகொள்வதை மட்டமான மாற்று வழி என்று எண்ணத் தேவையில்லை. ஆலையில் பெரிய அளவில் நடக்கும் அதே வேலையை நாம் ஒரு பாத்திரத்தில் செய்கிறோம்.

2. சுற்றி வளைக்காமல் அளவை மட்டும் சொல்லுங்களேன்.

100 கிராம் மைதாவுக்கு 5 கிராம் பேக்கிங் பவுடர்; விரும்பினால் 1 கிராம் உப்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் பெருக்கிக்கொள்ளலாம்: 200 கிராமுக்கு 10 கிராம், ஒரு கிலோவுக்கு 50 கிராம்.

செய்முறை 200 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு கேட்கும்போது, 200 கிராம் மைதாவின் மேல் 10 கிராம் பவுடரைச் சேர்ப்பதா, இரண்டும் சேர்ந்து 200 கிராம் வருமாறு மைதாவைக் குறைப்பதா என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப்படி இரண்டாவதுதான் சரி. ஆனால் வீட்டுச் சமையலில் அந்தப் பத்து கிராம் மைதாவால் எதுவும் கெட்டுப்போவதில்லை என்பதால், மேலே சேர்ப்பதே எளிது.

3. என்னிடம் தராசு இல்லை. கப், ஸ்பூன் கணக்கில் எவ்வளவு?

ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு. இங்கே ஒரு கப் மைதா என்பதை ஏறத்தாழ 125 கிராம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது கப்பை நிரப்பும் விதம். மாவை முதலில் கிளறித் தளர்த்தி, கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120 முதல் 130 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் அழுத்தி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம் வரை ஏறிவிடும். அப்போது பவுடரின் விகிதம் குறைவதோடு மாவும் வறண்டுவிடும். ஸ்பூனுக்கும் இது பொருந்தும்: சாப்பிடப் பயன்படுத்தும் ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு என்பதால், பேக்கிங் பவுடரை அளவுக் கரண்டியால் மட்டுமே அளக்க வேண்டும். தராசு வாங்கும் எண்ணம் இருந்தால், பேக்கிங்குக்காகச் செலவிடும் முதல் பணம் அதற்கே போகட்டும் என்பது என் கருத்து.

4. ஒரு குறிப்பில் 110 கிராமுக்கு ஒரு ஸ்பூன், இன்னொன்றில் 150 கிராமுக்கு இரண்டு ஸ்பூன் என்றிருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், தயாரிப்பைப் பொறுத்து 4 முதல் 5 கிராம் இருக்கும். அப்படிப் பார்த்தால் முதல் குறிப்பு சுமார் 4 விழுக்காடும் இரண்டாவது சுமார் 6 விழுக்காடும் ஆகின்றன. நான் சொன்ன 5 இவற்றின் நடுவில் இருக்கிறது. இந்த எல்லைக்குள் எந்த அளவைப் பின்பற்றினாலும் கேக் எழும்.

எந்தப் பக்கம் சாய்வது என்பதைச் செய்யும் பண்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்தோ, முட்டையைப் பொங்க அடித்தோ செய்யும் கேக்கில் ஏற்கெனவே காற்று நிறைந்திருப்பதால் 4 விழுக்காடே போதும். முட்டை இல்லாத கேக், உலர் பழங்கள் நிறைந்த கனமான கலவை, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கும் வகை ஆகியவற்றுக்கு 6 பக்கம் போகலாம்.

5. உப்புப் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அமெரிக்காவில் விற்கும் செல்ஃப் ரெய்சிங் மாவில் உப்பு சேர்ந்தே இருக்கும். பிரிட்டனில் விற்பதில் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் பார்க்கும் செய்முறை எந்த நாட்டைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். தெரியாவிட்டால், செய்முறையில் உப்பு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, உப்பிட்ட வெண்ணெய் சேர்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் மாவில் உப்பு தேவையில்லை.

6. சலித்துத்தான் ஆக வேண்டுமா? கரண்டியால் நன்றாகக் கலந்தால் போதாதா?

வீட்டில் செய்யும் மாவு ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அளவைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கலப்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் கவலைப்படுவதில்லை. 100 கிராமில் 5 கிராம் என்பது மிகச் சிறிய பங்கு. அது ஒவ்வொரு பிடி மாவிலும் ஒரே அளவில் இருந்தால்தான் கேக்கின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல எழும். பவுடர் ஓரிடத்தில் திரண்டிருந்தால் அந்த இடத்தில் பெரிய ஓட்டையும் கசப்பும், அது சேராத இடத்தில் அடர்த்தியும் வந்து சேரும். மேற்பரப்பில் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் தெரிந்தால் அது கரையாத சோடாக் கட்டிகளின் அடையாளம்.

கரண்டியால் கலக்கும்போது மாவு இடம் மாறுகிறதே தவிர, பவுடரின் சிறு கட்டிகள் உடைவதில்லை. முதலில் பேக்கிங் பவுடரை மட்டும் சிறு வடிகட்டியில் தேய்த்துக் கட்டியில்லாமல் மைதாவின் மேல் தூவுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சல்லடை இல்லாவிட்டால், அகலமான பாத்திரத்தில் விஸ்க் கொண்டு அடிப்பகுதி வரை ஒரு நிமிடம் சுழற்றிக் கலப்பதும் ஏறத்தாழ அதே பலனைத் தரும். ஈரமான பொருள்களைச் சேர்த்த பிறகு கலந்து சரிசெய்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அப்போது அதிகமாகக் கலக்கினால் மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, கேக் ரப்பர் போலாகிவிடும். உலர்ந்த நிலையில் எவ்வளவு கலந்தாலும் எந்தக் கெடுதியும் இல்லை.

7. பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றுதானே?

இல்லை. ஆப்ப சோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் சோடியம் பைகார்பனேட் என்ற ஒரே பொருளின் பெயர்கள். அது காரத்தன்மை உடையது. வாயுவை முழுமையாக வெளியிட அதற்கு ஓர் அமிலம் வேண்டும். பேக்கிங் பவுடர் என்பது அந்தச் சோடாவோடு தேவையான அமிலத்தையும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக் கொஞ்சம் ஸ்டார்ச்சையும் சேர்த்த கலவை. அதன் எடையில் சோடா ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

ஆகவே பேக்கிங் பவுடர் போட வேண்டிய இடத்தில் அதே அளவு சோடாவைப் போட்டால், தேவையைப் போல நான்கு மடங்கு சோடா போட்டதாக ஆகும். அமிலம் கிடைக்காத சோடா கேக்கிலேயே தங்கி, சோப்புச் சுவையையும் கருத்த நிறத்தையும் கொடுக்கும்.

8. வீட்டில் சோடா மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அமிலப் பொடி கிடைத்தால் கவலையே இல்லை. கால் தேக்கரண்டி சோடாவும் அரைத் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டரும் சேர்ந்தால் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு ஈடாகும். 150 கிராம் மைதாவுக்கு அரைத் தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உடனே பயன்படுத்தாமல் எடுத்துவைப்பதாக இருந்தால், சோடாவின் அளவுக்குச் சமமாகக் கார்ன்ஃப்ளாரும் சேருங்கள்.

அதுவும் இல்லாவிட்டால், அமிலத்தை மாவில் சேர்க்க முடியாது. செய்முறையின் ஈரப் பகுதியில்தான் சேர்க்க வேண்டும். 125 கிராம் மைதாவில் கால் தேக்கரண்டி சோடாவைக் கலந்து, செய்முறையில் உள்ள பாலில் 120 மி.லி.க்குப் பதிலாக அதே அளவு மோரோ கடைந்த தயிரோ ஊற்றுங்கள். வினிகரோ எலுமிச்சைச் சாறோ என்றால் கால் தேக்கரண்டி சோடாவுக்கு ஒரு மேசைக்கரண்டி தேவைப்படும். பேக்கிங் பவுடர் சேர்த்த மாவைவிட இதில் எழுச்சி சற்றுக் குறைவாகவே இருக்கும். கலவையையும் காத்திருக்க விடாமல் உடனே சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

9. ஃப்ரூட் சால்ட் போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம். வயிற்று எரிச்சலுக்காக விற்கும் அந்த உப்பிலும் சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான் முக்கியமாக இருக்கின்றன. ஆனால் அது தண்ணீர் பட்ட நொடியே பொங்கி முடிந்துவிடும் என்பதால், மாவோடு முன்கூட்டிக் கலந்து வைக்க ஏற்றதல்ல. கலவையை அச்சில் ஊற்றுவதற்குச் சற்று முன்னர்தான் சேர்க்க வேண்டும். எலுமிச்சை போன்ற சுவை சேர்த்தவையும் கிடைக்கின்றன. கேக்குக்குச் சுவை சேர்க்காததையே வாங்குங்கள்.

10. பேக்கிங் பவுடர் வாங்கி வெகு நாளாகிவிட்டது. இன்னும் வேலை செய்யுமா?

கால் கப் சூடான நீரில் அரைத் தேக்கரண்டி பவுடரைப் போடுங்கள். உடனே சரசரவென்று நுரைத்துப் பொங்கினால் வேலை செய்யும். சோம்பலாகச் சில குமிழ்கள் மட்டும் வந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். சோடாவைச் சோதிக்க வெந்நீர் போதாது. அதன்மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும்.

டப்பாவில் அச்சிட்ட தேதியைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன். தேதி முடியாமலே ஈரக் கரண்டி பட்டுச் செத்துப்போன பவுடரும் உண்டு. தேதி கடந்தும் உயிரோடு இருப்பதும் உண்டு.

11. 'டபுள் ஆக்டிங்' என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அது என்ன? அளவை மாற்ற வேண்டுமா?

அளவு மாறாது. அத்தகைய பவுடரில் இரண்டு வகை அமிலங்கள் இருக்கும். ஒன்று ஈரம் பட்டதும் வினைபுரியும். மற்றொன்று சூடேறிய பிறகே முழுமையாக வினைபுரியும். எனவே கலவையைக் கலந்த பிறகு ஓவன் சூடாவதற்காகப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருக்க நேர்ந்தாலும் வாயுவின் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்.

கேள்வி 8-இல் சொன்ன கிரீம் ஆஃப் டார்ட்டர் கலவைக்கு அந்த வசதி கிடையாது. அதன் வேலையில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே நடந்துவிடுவதால், ஓவனை முன்பே சூடாக்கி வைத்துக்கொண்டுதான் ஈரத்தைச் சேர்க்க வேண்டும்.

12. எந்த மைதாவை எடுப்பது? ரொட்டிக்கென்று விற்கும் மாவு இருக்கிறது, அது ஆகுமா?

புரதம் குறைந்த மாவே இதற்கு ஏற்றது. உறையில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். 9 முதல் 10 கிராம் வரை இருந்தால் கேக்குக்கு நல்லது. அமெரிக்கத் தென்பகுதிச் செல்ஃப் ரெய்சிங் மாவுகள் மென்கோதுமையில் அரைக்கப்படுவதால் இன்னும் சற்றுக் குறைவாக, 8-9 கிராம் அளவில் இருக்கும். ரொட்டி மாவில் 12 கிராமும் அதற்கு மேலும் இருக்கும் என்பதால் கேக் சவசவவென்று ஆகிவிடும்.

புரதம் அதிகமான மாவுதான் கையில் இருக்கிறது என்றால், ஒரு கப்பில் இரண்டு மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கார்ன்ஃப்ளாரால் நிரப்பி, பிறகு பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலியுங்கள். ஸ்டார்ச் கூடுவதால் புரதத்தின் விகிதம் குறையும். கேக்கும் மென்மையாக வரும்.

13. மைதா வேண்டாம், முழுக் கோதுமை மாவில் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் மைதாவில் வரும் உயரம் வராது. தவிட்டின் துணுக்குகள் வாயுவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் வலையை அறுத்துவிடுகின்றன, தண்ணீரையும் அதிகம் குடிக்கின்றன. 100 கிராமுக்கு 6 கிராம் பேக்கிங் பவுடர் போட்டு, செய்முறையில் உள்ள பாலையோ தண்ணீரையோ 100 கிராம் மாவுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். டபுள் ஆக்டிங் பவுடராக இருந்தால் கலவையைப் பத்து நிமிடம் ஊறவிடலாம். தவிடு மெத்தென்று ஆகும். முதல் முறை செய்பவர்கள் பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்குவது நல்லது.

14. குளூட்டன் இல்லாத மாவிலும் இதே அளவுதானா?

பேக்கிங் பவுடரின் அளவு ஏறத்தாழ அதேதான். 6 விழுக்காடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போன்றவற்றில் வாயுவைத் தாங்கிப் பிடிக்கும் வலை இல்லை. அதற்காக 125 கிராமுக்குக் கால் தேக்கரண்டி ஸாந்தன் கம் என்ற பிசின் பொடி சேர்க்க வேண்டும். சீலியாக் நோய் (குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ளவருக்காகச் செய்வதாக இருந்தால் பேக்கிங் பவுடரின் உறையையும் படியுங்கள். சில தயாரிப்புகளில் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கப்படுவதுண்டு.

15. செய்முறையில் செல்ஃப் ரெய்சிங் மாவும் இருக்கிறது, தனியாக ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரும் இருக்கிறது. இரண்டு தடவை போட வேண்டுமா?

ஆம். முதலில் கேள்வி 2-இல் சொன்னபடி மாவைத் தயாரியுங்கள். அதன்மேல் செய்முறை கேட்கும் பவுடரையும் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு அடிக்கும் கேக்குகளில் இப்படி இருப்பது வழக்கம். வெண்ணெயைத் தனியாக அடித்துக் காற்றேற்றும் படி அதில் இல்லாததால், அந்தக் குறையைக் கூடுதல் பவுடர் ஈடுகட்டுகிறது.

தனியாகச் சோடா கேட்டிருந்தாலும் சேர்க்கத்தான் வேண்டும். அந்தச் செய்முறையில் மோர், தேன், வெல்லப்பாகு, சாதாரணக் கோகோ போன்ற அமிலத்தன்மையுள்ள பொருள் ஏதாவது இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கவே சோடா வருகிறது.

16. தலைகீழாகக் கேட்கிறேன்: செய்முறை சாதாரண மைதாவும் பேக்கிங் பவுடரும் கேட்கிறது, என்னிடம் செல்ஃப் ரெய்சிங் மாவுதான் மிச்சம் இருக்கிறது.

செய்முறையின் விகிதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 200 கிராம் மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி பவுடர் என்றால், அது ஏறக்குறைய உங்கள் மாவில் இருப்பதுதான். தனிப் பவுடரையும் உப்பையும் விட்டுவிடலாம். அதே மைதாவுக்கு ஒரே தேக்கரண்டிதான் கேட்டால், பாதி செல்ஃப் ரெய்சிங் மாவு, பாதி மைதா.

சோடா மட்டும் கேட்கும் செய்முறைக்கு இந்த மாற்று சரிப்படாது. அங்கே சோடா தணிக்க வேண்டிய அமிலம் தணியாமல் நின்றுவிடும். பண்டம் புளிக்கும், நிறமும் வெளுத்துப்போகும். ஈஸ்ட் ரொட்டிக்கும் வேண்டாம். ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும் நேரத்துக்குள் பவுடரின் வேலை முடிந்துவிடும். உப்புச் சுவை மட்டும் மிஞ்சும்.

17. கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் நன்றாக உப்பும் அல்லவா?

இப்படி நினைக்காதவர்கள் குறைவு, நடப்பதோ நேர்மாறு. 5 கிராம் பேக்கிங் பவுடரிலிருந்து அறை வெப்பநிலையிலேயே 300 மி.லி.க்கு மேல் வாயு கிடைக்கும். ஓவனில் அது இன்னும் விரியும். 100 கிராம் மாவில் செய்த கலவையைத் தூக்க அது தாராளமாகப் போதும். அளவைக் கூட்டினால் குமிழ்கள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே ஏறி வெடித்துவிடும். கேக்கை உயர்த்திப் பிடிப்பது வாயு மட்டும் அன்று. முட்டையின் புரதமும் மாவின் ஸ்டார்ச்சும் வெந்து கெட்டியாகி, குமிழ்களைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும். சுவர் இறுகுவதற்கு முன்னரே வாயு வெளியேறிவிட்டால், அளவுக்கு மீறி ஊதிய பலூன் போலத்தான். வேகமாக எழுந்த கேக் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும்.

சுவையும் கெடும். வினை முடிந்த பிறகும் அமில உப்புகள் பண்டத்திலேயே தங்கிவிடுவதால், பவுடர் கூடக்கூட நாக்கின் பின்புறத்தில் கசப்பும் உப்பும் தெரியத் தொடங்கும். 6 விழுக்காட்டைத் தாண்டவேண்டிய தேவை எனக்குத் தெரிந்து எந்த வீட்டுச் செய்முறையிலும் இல்லை. கேள்வி 15-இல் சொன்ன கூடுதல் பவுடர் மட்டுமே விலக்கு. மலைப்பகுதிகளில் வசிப்பவர்கள் இதற்கும் கீழே இறங்க வேண்டும். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால் வாயு அதிகமாக விரியும். அங்கே ஒவ்வொரு தேக்கரண்டி பவுடரிலும் எட்டில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கிப் பார்க்கலாம்.

18. அளவெல்லாம் சரியாகப் போட்டும் கேக் சரியாக வரவில்லை. குற்றம் மாவிலா, ஓவனிலா?

கேக்கை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். எழவே இல்லை, உள்ளே மெழுகுபோல அடர்த்தியாக இருக்கிறது என்றால் பவுடர் செத்துவிட்டது (கேள்வி 10), அல்லது ஓவன் சூடாகும் முன்னரே உள்ளே வைத்துவிட்டீர்கள். ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் எழாமல் இருந்தால், அல்லது புள்ளிகள் தெரிந்தால், கலப்பதில் குறை (கேள்வி 6). கீழிருந்து மேலாகச் சுரங்கம் போல ஓட்டைகள் ஓடினால், ஈரம் சேர்த்த பிறகு அளவுக்கு மீறிக் கலக்கிவிட்டீர்கள். உச்சி கூம்பாக எழுந்து பிளந்திருந்தால் ஓவனின் சூடு அதிகம்.

நடுவில் குழிவதற்கு மட்டும் காரணங்கள் பல: பவுடர் கூடிப்போனது, வேகும் முன்பே ஓவன் கதவைத் திறந்தது, முழுமையாக வேகாமல் எடுத்தது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது என்பது என் அனுமானம். நடுவில் குத்திய குச்சி ஈரமில்லாமல் வரும்வரை வெளியே எடுக்காதீர்கள். 180 டிகிரி என்று குமிழைத் திருப்பிவைத்தாலும் உள்ளே அதே சூடு இருக்கும் என்ற உறுதி இல்லாததால், ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று பல மர்மங்களைத் தீர்த்துவைக்கும்.

19. மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாமா? எத்தனை நாள் தாங்கும்?

காற்றுப் புகாத டப்பாவில், ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். மைதா அதற்கு மேலும் கெடாது. பவுடர்தான் காற்றின் ஈரத்தால் மெல்ல மெல்ல வினைபுரிந்து வலுவிழக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு: வெளியே எடுத்துக் குளிர் நீங்கும் முன் திறந்தால் மாவின் மேல் ஈரம் படியும்.

டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுத மறவாதீர்கள். பார்வைக்கு மைதாவுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியாது. உண்மையைச் சொன்னால், அடிக்கடி பேக் செய்யாதவர்கள் சேமித்து வைக்கவே வேண்டாம். கலக்கச் சில நிமிடங்கள்தானே ஆகின்றன!

20. சாப்பிட்ட பிறகு நாக்கில் உலோகச் சுவை தங்குகிறது. ஏன்?

சில பேக்கிங் பவுடர்களில் சூட்டில் வினைபுரியும் அமிலமாகச் சோடியம் அலுமினியம் சல்ஃபேட் சேர்க்கப்படுகிறது. சிலருடைய நாக்கு அதை எளிதில் கண்டுகொள்ளும். அலுமினியம் இல்லாதது என்று குறிப்பிட்டு விற்கும் பவுடருக்கு மாறிப் பாருங்கள். மாறிய பிறகும் அந்தச் சுவை இருந்தால், அளவு கூடியிருக்கும்.

21. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மாவில் உப்புப் போடாவிட்டால் போதுமா?

பாதிக் கணக்குதான் தீரும். பேக்கிங் பவுடரிலேயே சோடியம் உண்டு. வகையைப் பொறுத்து ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 350 முதல் 500 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு கப் மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி போகிறது. கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 590 மில்லிகிராம். பெரியவர்கள் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இவை சிறிய எண்கள் அல்ல.

உப்பை விட்டுவிட்டு, பவுடரை 4 விழுக்காட்டுக்கு இறக்கி, முட்டையை நன்றாக அடித்துக் காற்றேற்றும் செய்முறைகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்த்த பவுடர்களும் விற்கின்றன. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இரத்த அழுத்த மருந்துகளை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் கூடுவது ஆபத்து என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம்.

22. மிஞ்சிய மாவைக் குழம்பு, சாஸ் கெட்டியாக்கவோ பொரிப்பதற்கோ பயன்படுத்தலாமா?

பொரிப்பதற்கு முக்கியெடுக்கும் மாவாகக் கரைத்தால் மேலோடு பூப்போல இலேசாக வரும், தாராளமாகப் பயன்படுத்தலாம். கெட்டியாக்குவதற்கு வேண்டாம். நுரை கட்டும், சுவையும் மாறும்.

23. ஓவன் இல்லை, ஆவியில் வேகவைக்கிறேன். அளவு மாறுமா?

மாறாது, அதே 5 விழுக்காடுதான். ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாததால் மேற்புறம் சிவக்காது, ஈரமும் உலராது. அதனால் ஓவனில் வைப்பதைவிடக் கலவையைச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே பாத்திரத்தை உள்ளே வையுங்கள். பாதிக்கு மேல் கலவையை ஊற்றாதீர்கள். மூடியிலிருந்து சொட்டும் நீர் விழுந்தால் அந்த இடம் வேகாமல் பிசுபிசுக்கும் என்பதால், வெண்ணெய் தடவிய தாளை நடுவில் ஒரு மடிப்பு விட்டுத் தளர்வாகப் பாத்திரத்தின் மேல் கட்டிவிடுங்கள். மாவு எழும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும்.